ட்ரில்லில் மாட்டும் எல்-கீ

பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டி வரும் கட்டில், மேசை, அலமாரி எதுவானாலும் உள்ளே ஒரு சின்னப் பொட்டலத்தில் எல்-கீ (எல் எழுத்துபோல் வளைந்த அறுகோணக் கம்பி) ஒன்று இருக்கும். ஹார்டுவேர் கடையில் ஆலன் கீ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதை மட்டும் வைத்தே முழுக் கட்டிலையும் பூட்டிவிடலாம். விரல்தான் கன்றிப் போகும்.

ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் அதிகம் வருவது எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட். அதன் மரை இடைவெளி 1 மி.மீ. என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. உள்ளே போகும். 20 மி.மீ. இறங்க 20 சுற்று வேண்டும். திறந்த இடமென்றால் கீயைச் சுழற்றிவிடலாம். கட்டில் சட்டத்தின் உள்மூலையில் கீயின் கை பலகையில் இடிக்கும். தலையில் இருப்பது அறுகோணக் குழி என்பதால் 60 பாகைக்கு ஒருமுறை உருவி, மாற்றிச் செருகித் திருப்ப வேண்டும். சுற்றுக்கு ஆறு தடவை என்றால் ஒரு போல்ட்டுக்கு 120 தடவை. கட்டிலுக்கு 16 போல்ட் என்றால் 1,920. அதே 20 சுற்றை நிமிடத்துக்கு 400 சுற்று ஓடும் பேட்டரி ட்ரில் 3 விநாடியில் முடித்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது சுலபம்: இன்னொரு எல்-கீ வாங்கி, வளைவை அறுத்துப் போட்டுவிட்டு, மிஞ்சும் நேரான தண்டை ட்ரில் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) மாட்டிக்கொள்வது. "இன்னொரு" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியில் வந்த கீயை அறுக்காதீர்கள். கடைசி முறுக்கு கையால்தான் கொடுக்க வேண்டும்; ட்ரில் நுழையாத மூலையும் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அங்கெல்லாம் முழு கீதான் உதவும்.

ஹெக்ஸ் பிட் என்று தயாராகவே விற்கிறதே என்றால், ஆமாம், விற்கிறது. பக்கத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அறுத்தே தீர வேண்டும் என்று வீம்பு எதுவும் இல்லை. ஆனால் தெருமுனைக் கடைகளில் ஸ்டார் பிட்தான் கிடைக்கும், 4 மி.மீ. ஹெக்ஸ் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்கும் பிட்டும் பெரும்பாலும் 25 மி.மீ. நீளக் குட்டை. அதை ஹோல்டரில் போட்டால் ஹோல்டரின் பருமன், பலகைக்குள் பதிந்த போல்ட் குழியில் இறங்காமல் வாயிலேயே நின்றுவிடும். அறுத்த கீ அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன், சக்குக்கு வெளியே நிற்கும் நீளம் முழுக்கக் குழியில் இறங்கும்.

அளவு முக்கியம். எம்6 போல்ட்டில் தலை கும்மட்டம் போல் உருண்டு தட்டையாக இருந்தால் 4 மி.மீ. கீ, உருளையாக உயரத் தலையென்றால் 5 மி.மீ. பலகையையே கடித்துக்கொண்டு போகும் 7 × 50 மி.மீ. தடித்த திருகுகளில் (கன்ஃபர்மேட் என்பார்கள்) ஹெக்ஸ் குழி இருந்தால் அதுவும் 4 மி.மீ.தான். எனவே 4 ஒன்று, 5 ஒன்று என இரண்டு அறுத்து வைத்துக்கொண்டால் பெரும்பாலான பெட்டிகளைச் சமாளிக்கலாம். வாங்கும்போது இஞ்ச் செட்டைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், கவனம். 5/32 இஞ்ச் என்பது 3.97 மி.மீ., அது பரவாயில்லை. 3/16 இஞ்ச் 4.76 மி.மீ. மட்டுமே. அதை 5 மி.மீ. குழியில் போட்டு மோட்டாரால் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கி, பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. நுனி உருண்டையாக இருக்கும் பால் எண்ட் கீயும் இதற்கு வேண்டாம். சாய்வாக நுழையும் வசதிக்காகக் கழுத்தைக் குறுக்கியிருப்பார்கள், மோட்டார் முறுக்கில் அந்தக் கழுத்து முறியும், உருண்டை போல்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அறுப்பதற்கு முன் ஓர் அரத்தை எடுத்துக் கீயின் வளைவில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் வந்தால் மெது இரும்பு, ஹாக்ஸா போதும். அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் கடினப்படுத்திய எஃகு, ஹாக்ஸாவால் ஆகாது. பிளேடின் பல்தான் போகும். மெது கீயை அறுக்க இஞ்சுக்கு 32 பல் உள்ள பிளேடு போடுங்கள். கடையில் கேட்காமல் வாங்கினால் கொடுப்பது பெரும்பாலும் 18 அல்லது 24 பல். 4 மி.மீ. தண்டில் 18 பல் பிளேடை வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பல்கூட இரும்பைத் தொடாது; குதித்துக் குதித்துப் பல் உடையும்.

வழுக்கும் கீதான் நமக்கு நல்ல கீ. அதற்கு 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரும் 1 மி.மீ. கட்டிங் வீலும் வேண்டும். வீட்டில் கிரைண்டர் இல்லாவிட்டால் இதற்கென்று வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கிரில் பட்டறைக்குப் போய்க் குறித்துக் கொடுத்தால் டீ காசுக்கு அறுத்துத் தருவார்கள்.

குறிக்கும் இடம் இது: 4 மி.மீ. சாதாரண எல்-கீயில் நீளக் கை 70 மி.மீ., குட்டைக் கை 25 மி.மீ. வளைவு முடிந்து தண்டு முழு நேராகும் இடத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி, நீளக் கையில் மார்க்கர் கோடு போடுங்கள். கொஞ்சம் வளைவு மிஞ்சினாலும் சக்கில் நேராக உட்காராது. இப்படி அறுத்தால் 58 முதல் 60 மி.மீ. தண்டு கிடைக்கும். 20 மி.மீ. சக்குக்குள் போய்விட்டால் வெளியே 40 மி.மீ. நிற்கும். ஆழக் குழிகள் உள்ள சாமான் என்றால் நீள வகை எல்-கீயாகப் பார்த்து வாங்குங்கள்.

வைஸில் பிடிக்க வேண்டியது நமக்கு வேண்டிய நீளத் தண்டை. கோடு வைஸின் வாய்க்கு வெளியே 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும். இருபுறமும் மரத் துண்டு வைத்து இறுக்கினால் தண்டில் பல் பதியாது. குட்டைத் துண்டு சூடாகக் கீழே விழும், குனிந்து எடுக்க அவசரப்பட வேண்டாம். கட்டிங் பிளேயரில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிரைண்டர் ஓட்டுவதை யாராவது செய்து காட்டினால் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். வீல் கடித்துத் தண்டைச் சுழற்றி எறிந்தால் மணிக்கட்டுதான் முன்னால் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், வீலின் கவசமும் கட்டாயம். பெட்டியிலிருந்து வந்த தெர்மாகோலும் அட்டையும் குவிந்திருக்கும் கூடத்தில் இதைச் செய்யக் கூடாது. பொறி போய் விழ அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியே போய் அறுங்கள்.

ஒரே அழுத்தில் அறுக்காமல், தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து அறுக்கவும். இடையில் கிரைண்டரை நிறுத்தி வைத்துவிட்டுத் தண்டின் மேல் தண்ணீர் விடலாம். அறுத்த முனை வைக்கோல் மஞ்சளாக நிறம் மாறினால் ஒன்றுமில்லை. நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் பூத்த பகுதி சக்குக்குள் முழுக்கப் போய்விடும் அளவில் இருந்தால் பயன்படுத்தலாம். போல்ட்டில் நுழையும் நுனி நீலமாகக் கூடாது. அதனால்தான் வளைவுப் பக்கம் அறுக்கிறோம், தொழிற்சாலை தீட்டிக் கொடுத்த நுனியைத் தொடுவதே இல்லை.

அறுத்த முனையில் பிசிறு நிற்கும். அதைச் சும்மா விட்டால் சக்கின் தாடை சரியாகப் பிடிக்காது, தண்டு ஆடும். அரம் கடிக்காத எஃகு என்பதால் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டு, ஆறு விளிம்பையும் அரை மி.மீ. சரித்துவிடுங்கள். வேலை முடிந்தது.

சக்கில் மாட்டும்போது ஒரு நுணுக்கம். ட்ரில் சக்குக்குத் தாடை மூன்று, கீக்கு முகம் ஆறு. மூன்று தாடையும் ஒன்று விட்டு ஒரு முகத்தில் தட்டையாக உட்கார வேண்டும். இறுக்கும்போதே தண்டை இரு விரலால் லேசாக அசைத்துக்கொண்டிருந்தால் தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடும். தாடை முகத்தில் உட்காராமல் மூலையில் ஏறியிருந்தால் ஓடும்போது நுனி வட்டம் போடும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நின்றால் சரி. வட்டமிட்டால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கால் இஞ்ச் அறுகோணப் பிட் மட்டும் செருகும் வகை ஸ்க்ரூ டிரைவர் மெஷினில் 4 மி.மீ. தண்டு நிற்காது, அதற்குக் கடையில் விற்கும் பிட்தான் வழி.

எந்த ட்ரில் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சுவரில் துளை போடும் 13 மி.மீ. மின்சார ஹேமர் ட்ரில். நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை ஓடும், கிளட்ச் (குறித்த முறுக்கு வந்ததும் விட்டுக்கொடுக்கும் அமைப்பு) கிடையாது. விசையை விட்ட பிறகும் அதன் வேகத்தில் ஒன்றிரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் நிற்கும். அந்த ஒரு சுற்றில் பலகை நட்டோடு பிய்ந்து வந்துவிடும். வேண்டவே வேண்டாம். டப டப என்று அடித்து முறுக்கும் இம்பாக்ட் டிரைவரும் அப்படித்தான், அது மரச்சட்டத்துக்கும் இரும்புக்கும் ஆனது. நமக்கு வேண்டியது கிளட்ச் வளையம் உள்ள சாதாரண பேட்டரி ட்ரில். 12 வோல்ட் தாராளம்.

அதிலும் எவ்வளவு விசை இருக்கிறது என்று பாருங்கள். 70 மி.மீ. எல்-கீயின் நுனியில் 10 கிலோ எடைக்கு நிகராக அழுத்தினால் போல்ட்டுக்குப் போகும் முறுக்கு சுமார் 7 நியூட்டன் மீட்டர். 12 வோல்ட் ட்ரில்லின் பெட்டியில் 30 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பது சகஜம். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுக்கு நாலு மடங்கு முறுக்கைக் கொடுத்தால் அது நட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காது, தூளாக உதிரும். ஆகவே கியர் 1, கிளட்ச் வளையம் 2 அல்லது 3. போல்ட் தலை பலகையைத் தொடும் முன்பே கிளட்ச் கடகடவென்று விட்டுக்கொடுத்தால் ஒரு எண் மட்டும் ஏற்றுங்கள். இந்தச் சோதனையை வெளியில் தெரியாத அடிப்பக்கப் போல்ட்டில் செய்து பார்ப்பது நல்லது.

பூட்டும் வரிசை இப்படி: எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட வேண்டும். பிடிக்காவிட்டால் போல்ட்டை எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். மரையின் வாய்கள் சந்திக்கும்போது "டொக்" என்று லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலமாகத் திருப்பினால் ஒழுங்காக ஏறும். இந்த இரண்டு சுற்றை ட்ரில்லிடம் விட்டால் போல்ட் சாய்ந்து மரை மேல் மரை ஏறும், நட் போச்சு. பிறகு ட்ரில்லால், தலை பலகையைத் தொட 2 மி.மீ. இருக்கும்வரை எல்லாவற்றையும் இறக்குங்கள். ஒன்றைக்கூட இறுக்க வேண்டாம். முதல் மூலையை இறுக்கிவிட்டு நான்காவது மூலைக்கு வந்தால் அங்கே துளை 2 மி.மீ. தள்ளி நிற்கும், தூக்கிப் பிடித்து நெம்பித் திருகுவதில்தான் பாதி மரை போகிறது. எல்லாம் தளர்வாக நிற்கும்போது சட்டத்தை மட்டம் பார்த்து, குறுக்கு மறுக்காக ஒவ்வொரு மூலையாக முழு கீயால் கையிறுக்கம் கொடுங்கள். தலை உட்கார்ந்த பிறகு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

உருளை நட் வரும் கட்டில்களில் வேறொரு தொல்லை. சட்டத்துக்குள் பக்கவாட்டில் செருகும் அந்த நட்டின் முகத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு, உள்ளிருக்கும் மரைத் துளை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. தட்டை ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்துப் போல்ட் வரும் திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டே போல்ட்டை ஏற்ற வேண்டும். இதற்கு இரண்டு கை வேண்டும்; ட்ரில்லை வீட்டில் இன்னொருவர் பிடிக்கட்டும்.

ட்ரில் தொடவே கூடாத இடம் கேம் லாக். 15 மி.மீ. வட்டமாக, மேலே அம்புக்குறியோடு இருக்கும் அந்தத் துண்டு பெரும்பாலும் ஜிங்க் வார்ப்பு, மோட்டார் முறுக்கில் விண்டுவிடும். அம்பு, பலகை ஓரத்தில் உள்ள துளையைப் பார்த்தபடி போட்டு, எதிர்ப் பலகையின் கம்பி உள்ளே வந்ததும் கையால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே திருப்பினால் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் சும்மா சுற்றினால் கேமைத் திட்டுவதில் பயனில்லை, தவறு கம்பியில் இருக்கும். கம்பி அதிகம் இறங்கிவிட்டால் அதன் தலை கேமுக்கு எட்டாது. போதாமல் இறங்கியிருந்தால் கேம் திரும்பும், ஆனால் இரு பலகைக்கும் இடையே கோடு போல இடைவெளி நிற்கும். கம்பியில் உள்ள வளையம் பலகை முகத்தில் சரியாகப் படிய வேண்டும், அவ்வளவே. அந்தக் கம்பியைத் திருக ஸ்டார் பிட் போடும்போது, குழியின் கூட்டல் குறிக்கு நடுவே இன்னும் நாலு மெல்லிய கோடு தெரிந்தால் அது போசிடிரைவ், பி.இசட்.2 பிட் போட வேண்டும். சாதாரண ஸ்டார் பிட்டான பி.எச்.2 அதில் ஆழமாக உட்காராமல் வழுக்கித் தலையைக் கெடுக்கும்.

பேட்டரி ட்ரில்லே இல்லையென்றாலும் அறுத்த தண்டு வீணாகாது. அரத்துக்குப் போடும் மரக் கைப்பிடி ஒன்றில் 4.5 மி.மீ. துளை 30 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, அரால்டைட் தடவித் தண்டைத் தட்டி இறக்குங்கள். 4 மி.மீ. அறுகோணம் மூலைக்கு மூலை 4.6 மி.மீ. இருக்கும், அதனால் மூலைகள் மரத்தில் கடித்து நிற்கும். உள்ளங்கையில் உருட்டினாலே போல்ட் ஓடும். எல்-கீயைவிட நாலைந்து மடங்கு வேகம், மரை கெடும் பயமும் இல்லை. ஒரே ஒரு கட்டிலுக்கு மேல் வீட்டில் பூட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றால், உண்மையைச் சொன்னால், இதுவே போதும்.

போல்ட் கீயின் நுனியிலிருந்து நழுவி விழுந்துகொண்டே இருந்தால், பொட்டலத்தின் மெல்லிய பாலித்தீனில் ஒரு சின்னத் துண்டு கிழித்துப் போல்ட் தலைக் குழியின் மேல் வைத்து, அதன் மேல் கீயை அழுத்துங்கள். இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் போல்ட் போடும்போது இதன் அருமை தெரியும்.

போல்ட் வேகமாக ஓட ஆரம்பித்ததும், நேரத்தை விழுங்குவது வேறு இடங்கள் என்று தெரியவரும். அதில் முதலாவது 8 × 30 மி.மீ. மர டோவல், அதாவது இரு பலகையை இணைக்கும் மர முளை. இதை அடிக்கும் ஆழம் தவறினால் சாமானே பாழ். பலகையின் ஓரத்தில் உள்ள துளை ஆழமாக இருக்கும். முகத்தில் உள்ள துளை, பலகையே 16 அல்லது 18 மி.மீ.தான் என்பதால், 10 முதல் 12 மி.மீ. ஆழமே இருக்கும். டோவல் அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அடிக்கும்போது மறுபக்க லேமினேட்டில் புடைப்பு கிளம்பும். முகத்துத் துளையில் ஒரு தீக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, அதைவிட 1 மி.மீ. மெல்லிய மரத்துண்டு ஒன்றில் 10 மி.மீ. துளை போடுங்கள். டோவலை எப்போதும் ஓரத் துளையில்தான் முதலில் இறக்க வேண்டும். இந்தத் துண்டை அதன் மேல் மாட்டி, மரத்துண்டின் மட்டத்துக்கு வரும்வரை கொட்டாப்புளியால் தட்டினால் எல்லா டோவலும் ஒரே உயரத்தில் நிற்கும். அளவுகோலைத் தேடவே வேண்டாம்.

இரண்டாவது, மூலை மட்டம். ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட் கழிவில் 200 × 200 மி.மீ. சதுரம் ஒன்று கேட்டு வாங்கி, மூலைவிட்டமாக அறுத்தால் இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றின் நேர்மூலையையும் 30 மி.மீ. வெட்டிவிடுங்கள், உள்மூலையில் இருக்கும் கேமோ போல்ட் தலையோ இடிக்காமல் இருக்கும். அலமாரியின் உள்மூலையில் வைத்து சி-கிளாம்ப்பால் இரு பலகையோடும் பிடித்துவிட்டால் இன்னொருவர் பலகையைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பின்பக்க 3 மி.மீ. தகட்டை ஆணியடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் உள்நோக்கி அழுத்திச் சரிசெய்துவிட்டு அடியுங்கள். பின்தகடு அடித்த பிறகு கோணலைத் திருத்த முடியாது; கதவுகள் ஆயுளுக்கும் மேல்கீழாகத் தொங்கும். ஆணி சின்னது என்பதால் விரலில் அடி விழும். பெட்டியின் அட்டையில் ஒரு விரல் அகலத் துண்டு கிழித்து, அதன் ஓரத்தில் ஆணியைக் குத்திப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். முக்கால்வாசி இறங்கியதும் அட்டையை உருவிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் நட் பிய்ந்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பார்ட்டிகிள் போர்டில் பதித்த நட் கழன்றால், துளையில் உள்ள தூளைத் துடைத்து, அரால்டைட் கலந்து துளைச் சுவரில் தடவி நட்டைத் திரும்பப் பதியுங்கள். பதிக்கும் முன் அதற்குள் போல்ட்டை ஏற்றி, போல்ட் மரையில் வாசலின் பூசி வையுங்கள். பசை மரைக்குள் போனாலும் ஒட்டாது. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். திருகுத் துளை பெரிதாகிவிட்டால் மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கிச் செருகி, மட்டமாக ஒடித்துவிட்டு, இரவு முழுக்கக் காயவிட்டுத் திரும்பத் திருகினால் பிடிக்கும். பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. வீடு துடைக்கும் ஈரம் லேமினேட் ஒட்டாத அடி ஓரத்தில் ஏறித்தான் இது நடக்கிறது. பூட்டும்போதே அடியில் பிளாஸ்டிக் புஷ் அடித்து 5 மி.மீ. தூக்கி வைத்துவிடுங்கள்.

பூட்டி இரண்டு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டையும் முழு கீயால் ஒருமுறை தொட்டுப் பார்க்கவும். பலகை அழுங்கி, முக்கியமாகக் கட்டிலில், எட்டில் ஒரு சுற்று தளர்ந்திருக்கும். வீடு மாறும்போது கழற்றவும் அதே அறுத்த கீ உதவும், ட்ரில்லை எதிர்ப்புறம் ஓடும்படி மாற்றினால் போதும். முதல் கால் சுற்றைக் கையால் நெகிழ்த்திவிட்ட பிறகே ட்ரில்லை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுகிய போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றும். கழற்றிய போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, எந்தப் பலகைக்கு உரியதோ அதன் உள்முகத்திலேயே டேப்பால் ஒட்டி அனுப்புங்கள்.